துரோலாக் தோட்டத்தில் கண்டது என்ன?

கலும்பாங்கிலிருந்து தஞ்சோங் மாலிமைத் தாண்டி வடக்கே சென்றால் பேராக்கின் துரோலாக் வரும். 1953 டிசம்பர் 25 அன்று அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த சீனப் பெண்ணின் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் உரோமம் அடர்ந்த உருவம். கோரைப் பற்கள், துர்நாற்றம். அலறி ஓடினார். ஆற்றங்கரையில் மூன்று உருவங்களைக் கண்டதாகக் காவற்படையினர் கூறினர். இந்தியத் தொழிலாளி ஒருவரையும் உரோமக் கைகள் பற்றினவாம்.

அன்பர்களே, காலத்தையும் கவனியுங்கள். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டு கெரில்லாக்கள். காட்டோரத் தோட்டத்தில் தனியே நிரையில் நிற்பவருக்கு இலை அசைந்தாலும் உயிர் போகும். நம் மலைக்காடுகளில் கரிய சியாமாங் குரங்கும், நிமிர்ந்து நிற்கக்கூடிய சூரியக் கரடியும் உண்டு.

2005 இறுதியில் ஜொகூரிலும் இதே பேச்சு எழுந்தது. 2006இல் மாநில அரசே தேட முனைந்தது. உடலோ எலும்போ கிடைக்கவில்லை.

ஆகவே, கண்டவரைப் பொய்யர் என எள்ளுவதும் தவறு. சொன்னதையெல்லாம் அப்படியே நம்புவதும் தவறு. உருவம் நிரூபணமாகவில்லை, அச்சமோ உண்மை. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேளுங்கள், நாள், இடம், வெளிச்சம், தூரம் குறித்து எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறே.