கையும் நரம்பும்

இடுப்பிலே தோன்றித் தொடை வழியாகப் பாதம் வரை மின்னலென ஓடும் நரம்பு வலி, மனிதன் நெடுங்காலமாக அறிந்த துன்பங்களுள் ஒன்று. முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருத்தி அவ்வலியைத் தணிக்க முயலும் முறை ஒன்று இன்று பல நாடுகளில் வழங்குகிறது. அதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். கையால் செய்வது என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அதன் வரலாறு மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ளது டேவன்போர்ட் நகரம். அங்கே டேனியல் டேவிட் பால்மர் என்பவர், காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லித் தொழில் நடத்தி வந்தார். அவருடைய கட்டிடத்தில் காவல் பணியும் துப்புரவுப் பணியும் செய்த ஹார்வி லில்லார்டு என்பவருக்குக் காது சரிவரக் கேளாது. 1895 செப்டம்பர் 18 அன்று அவர் முதுகில் புடைத்திருந்த எலும்பைத் தாம் அழுத்திச் சரிசெய்ததாகவும், உடனே செவிப்புலன் திரும்பியதாகவும் பால்மர் பின்னாளில் எழுதினார்.

இதிலிருந்து அவர் ஒரு பெருங்கொள்கையையே எழுப்பினார். இடம் பெயர்ந்த எலும்பு நரம்பை நெருக்குகிறது. 100 நோய்களில் 95 அதனாலேயே உண்டாகின்றன என்றார். 1897 இல் பள்ளியும் நிறுவினார். ஆனால், செவி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே காதிலிருந்து மூளைக்குச் செல்வது. முதுகெலும்பின் வழியே வருவதன்று. கொள்கையின் அடித்தளமே உடற்கூற்றியலோடு பொருந்தவில்லை.

1906 இல், உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காக விதித்த அபராதத்தைச் செலுத்த மறுத்துப் பால்மர் சிறை புகுந்தார். எனினும் 1913 இல் கான்சாஸ் மாநிலம் இத்தொழிலுக்குச் சட்டம் இயற்றியது. 1974 இல் லூசியானா மாநிலமும் இறுதியாக இசைந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தொழிலாளரைச் சட்டவிரோதமாகப் புறக்கணித்தது என்று 1987 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தொழில் உரிமை பற்றியதே. பால்மரின் கொள்கை மெய்யென்று அது கூறவில்லை.

இதற்கிடையில், 1934 இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் இருவரும் ஓர் உண்மையை நிலைநாட்டினர். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கி, நரம்பின் வேரை அழுத்துவதாலும் கால் வலி உண்டாகும் என்பதே அது. ஆகவே நரம்பு நெருக்கப்படுதல் கற்பனையன்று. எல்லா நோய்க்கும் அதுவே மூலம் என்பதே பிழை. இத்தகைய வலி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். எனவே, சிகிச்சைக்குப் பின் வலி குறைந்தது என்பதனால் மட்டும் சிகிச்சையே குறைத்தது என்று முடிவு கட்டலாகாது.

கையால் செய்யும் சிகிச்சையை முற்றிலும் தள்ளுவதும் முறையன்று. 2017 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, இடுப்பு வலிக்கு மருந்தின்றி முயலத்தக்க வழிகளுள் இதனையும் ஒன்றாகக் கூறியது. நரம்பு வேர் வலிக்கோ இதன் பயன் பற்றிய சான்றுகள் குறைவே. கால் வலுவிழந்தாலும், தொடைகளின் உட்புறம் மரத்துப்போனாலும், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும் ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

வலியைத் தணிக்கும் கை வேறு. வலியின் காரணத்தை விளக்கும் அறிவு வேறு. முன்னதைப் பெற்றதனாலேயே பின்னதும் கிட்டிவிட்டது என்று கொள்ளாதிருப்பதே அறிவியல் மாணவனின் கடமையாகும்.