பூனை வாசித்த பியானோ

பூனையும் எலியும் ஓயாது பொருதும் 'டாம் அண்டு ஜெர்ரி' கேலிச் சித்திரப் படங்களை அறியாதார் இலர். அவற்றுள் 'தி கேட் கான்செர்ட்டோ' என்பது, பிறர் கருத்தைக் களவாடியது என்னும் பழிக்கு ஆளாயிற்று. அப்பழி பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனத்தில் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர் இயக்கிய குறும்படம் அது. கச்சேரி உடையணிந்த பூனை மேடையேறி, பிரான்சு லிஸ்ட் இயற்றிய இரண்டாம் 'ஹங்கேரியன் ராப்சொடி'யை வாசிக்கிறது. பியானோவினுள் உறங்கிய எலி, கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களால் தூக்கியெறியப்பட்டுச் சினங்கொள்கிறது. பேச்சே இல்லை, போர் முழுவதும் தாளத்தை ஒட்டியே நிகழ்கிறது. முடிவில் பூனை சோர்ந்து விழ, கைதட்டலை எலி ஏற்கிறது.

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தார் 1946 நவம்பரில் வெளியிட்ட 'ராப்சொடி ராபிட்'டிலும் அதே இசை. உள்ளே ஓர் எலி. இறுதிப் பகுதியை வாசிப்பதும் எலியே. மேடையில் இருப்பது மட்டும் பக்ஸ் பன்னி என்னும் முயல். ஒரு நிறுவனம் மற்றதைக் கள்வன் என்றது. மற்றதும் அவ்வாறே திருப்பிச் சாற்றியது.

நாளை மட்டும் நோக்கின் முயலே மூத்தது. பூனைப் படம் திரையரங்குகளுக்குப் பரவலாக வந்தது 1947 ஏப்ரலில்தான். ஆயினும் படம் படமாக வரைந்து முடிக்கப் பல திங்கள் செல்லுமாதலின், வெளியீட்டு நாளைக் கொண்டு கருத்தின் பிறப்பைக் கணித்தல் பொருந்தாது. முயல் படத்தை இயக்கிய பிரிஸ் பிரெலெங், 1941-லேயே 'ராப்சொடி இன் ரிவெட்ஸ்' என்னும் படத்தில் இவ்விசையைக் கையாண்டவர். லிஸ்ட் மறைந்தது 1886-இல். எனவே அவ்விசை எவரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்து. மெல்ல நடந்து, பின்னர் வெறிகொண்டு ஓடும் அதன் அமைப்பே துரத்தலை வேண்டி நிற்கிறது. ஒரே தலைப்பில் எழுதும் மாணாக்கர் இருவர் ஒரே உவமையில் வந்து முட்டுவதை ஆசிரியர்கள் அறிவர்.

எலிதான் உறுத்துகிறது. டாமுக்கு எலி 1940 முதலே பகை. முயலின் வழக்கமான பகைவனோ வேட்டைக்காரன். ஆக, இசையில் முன்னுரிமை முயலுக்கு; எலியில் முன்னுரிமை பூனைக்கு என்பதே என் துணிபு.

நிற்க. 1947 மார்ச் 13-இல் ஆஸ்கார் விருது பூனைப் படத்துக்கே சென்றது. டாம், ஜெர்ரி இணைக்கு அது தொடர்ந்து நான்காவது. முயல் படம் போட்டிப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. விருது வழங்கப்பெற்றதோ தயாரிப்பாளர் பிரெட் குவிம்பியின் பெயருக்கு. ஹன்னா, பார்பெரா பெயருக்கு அன்று.