நாலு அண்ணன் தம்பிகள், ஒரு நாடகக் கம்பெனி

நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் நாடகக் கம்பெனி தொடங்குகிறவர்கள் பெயருக்கு முன்னால் ‘மதுரை’ என்று போட்டுக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஜெகந்நாதையர் நடத்தியது மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபா. நவாப் ராஜமாணிக்கம் நடத்தியது மதுரை தேவி பால விநோத சங்கீத சபா. எம்.ஜி.ஆர். சிறுவனாகப் போய்ச் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. ஊர் ஊராகச் சுற்றி, பல மாதம் மதுரைப் பக்கமே வராத கம்பெனிகளும் நோட்டீஸில் மதுரையை விடவில்லை.

இந்த வரிசையில் வேடிக்கையானது ஒன்று உண்டு. 1925 மார்ச் 31ஆம் தேதி ‘மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா’ தொடங்கியது திருவனந்தபுரத்தில். தொடங்கியவர்களின் குடும்பமும் அந்தப் பக்கத்துக் குடும்பம்தான். ஆனாலும் மதுரை என்ற பெயர் அவர்களுக்கு இரவல் அல்ல. தொழில் படித்த இடம் அது. பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று ஊரெல்லாம் அறியப்பட்ட சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வர் அவர்கள்.

மதுரைக்கு இந்த மவுசு வந்ததற்குப் பெரிய காரணம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் பாலம் ஏறி வைகையைத் தாண்டி, கோரிப்பாளையம் கடந்தால் தமுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. நாடக நடிகர்கள் இன்றும் வந்து மாலை போடுகிறார்கள். தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். பெரியவர்களை வைத்து நாடகம் நடத்திப் பார்த்தார். சொன்ன நேரத்துக்கு வராத ராஜபார்ட்டும், பாட்டை மனம்போல் நீட்டிக் கதையை மறந்துவிடும் ஸ்திரீபார்ட்டும் அவருக்குப் பெருந்தலைவலி. அதற்கு மாற்றாகத்தான் 1918இல் மதுரையில் அவருடைய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா பிறந்தது. நடிகர்கள் எல்லோரும் பையன்கள். அந்த ஆண்டே அங்கே சேர்ந்தவர்களில் கண்ணுசாமிப் பிள்ளை என்ற ஸ்திரீபார்ட் நடிகரின் மகன்களும் இருந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது வயது 6. அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடகக்காரர்கள் இன்றும் சலிக்காமல் சொல்லும் கதை.

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடமாகவும் இருந்தது, கறாரான வியாபாரமாகவும் இருந்தது. பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பையனை ஒப்படைப்பார்கள். அதன்பின் சோறு, துணி, பாட்டு, அடி எல்லாம் கம்பெனி வீட்டில். வாத்தியார் பாடம் சொல்லுவார். முதலாளி வசூலை எண்ணுவார். பையனின் சாரீரம்தான் முதல். பதினாலு பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்த முதல் ஒரே நாளில் கரைந்துபோகும். நேற்றுவரை கொட்டகையை நிறைத்த பையன் மறுநாள் கூட்டத்தில் நிற்கும் சேவகன் வேஷத்துக்குப் போவான், அல்லது வீட்டுக்குப் போவான். இரக்கமில்லாத ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். தமிழ்த் திரையின் முதல் இரண்டு தலைமுறை நடிகர்களில் பலர் இதே ஏற்பாட்டிலிருந்து வந்தார்கள் என்பதும் உண்மை.

1922இல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். தகப்பனாரும் மறைந்த பிறகு சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அன்று சண்முகத்துக்கு 13 வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் பாக்கி. பகவதி அவரைவிட இளையவர். குரல் உடையும் வயதில் இருந்த பையன்களே கம்பெனிக்கும் சொந்தக்காரர்கள் ஆனார்கள்! முதலாளியே நடிகனாக இருந்ததால் மகரக்கட்டைக் காரணம் காட்டி அவர்களை வெளியே அனுப்ப ஆளில்லை.

வேலையை அவர்கள் பங்கு போட்டுக்கொண்ட விதத்தில்தான் அந்தக் குடும்பத்தின் சாமர்த்தியம் தெரிகிறது. பெரியண்ணன் சங்கரன் மெல்ல மேடையை விட்டு நிர்வாகத்துக்கு வந்தார். கொட்டகை வாடகை, ரயிலில் சீன்களை ஏற்றும் செலவு, ஊர்ப் பெரிய மனிதர்களைப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். அடுத்தவர் முத்துசாமி நாடகம் எழுதினார். சண்முகம் நடிப்பையும் பயிற்சியையும் பார்த்துக்கொண்டார். பகவதி கம்பீரமான கதாநாயகனாக வளர்ந்தார். சொத்துக்காக அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போவது சகஜமான ஊரில், இந்த நால்வர் கால் நூற்றாண்டு ஒரே கம்பெனியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வெளியிலிருந்து திறமையைக் கூப்பிடவும் அவர்கள் தயங்கவில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியிலிருந்து வந்த என்.எஸ்.கிருஷ்ணன் என்ற பையன் இந்தக் கம்பெனியில்தான் வளர்ந்தான். வாத்தியாராக வந்த எம்.கந்தசாமி முதலியார் புராணத்தோடு நின்றுவிடாமல் ஜே.ஆர்.ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’, வடுவூர் துரைசாமி அய்யங்காரின் ‘மேனகா’ போன்ற அந்தக் காலத்துப் பரபரப்பு நாவல்களை மேடைக்குக் கொண்டுவந்தார். கோட்டும் கடிகாரச் சங்கிலியும் போட்ட வக்கீல் மேடையில் வந்து நின்றதும், வள்ளியையும் பவளக்கொடியையும் மட்டுமே பார்த்துப் பழகிய ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெ.சாமிநாத சர்மா எழுதிய நாடகத்தைத் ‘தேசபக்தி’ என்ற பெயரில் நடித்ததில் சர்க்காரின் கண்ணும் கம்பெனிமேல் விழுந்தது. நாடகத்தைத் தடை செய்ய 1876ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வெள்ளைக்காரர்கள் கையில் எப்போதும் தயாராக இருந்தது.

1931இல் ‘காளிதாஸ்’ படத்தோடு தமிழ் சினிமா பேசத் தொடங்கியதும் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையைக் கட்டிக்கொண்டன. பல கம்பெனிகள் அங்கேயே படுத்துவிட்டன. சகோதரர்கள் சினிமாவைப் பகையாக நினைக்கவில்லை. 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் ‘மேனகா’வைப் படமாக்கி அதில் தாங்களே நடித்தார்கள். 1941இல் ‘குமாஸ்தாவின் பெண்’, 1948இல் ‘பில்ஹணன்’. படத்தில் கிடைத்த பெயர் மேடைக்குக் கூட்டத்தைக் கூட்டி வந்தது. இந்தக் கணக்கை அந்தக் காலத்தில் இவர்கள் அளவுக்குப் போட்டவர்கள் குறைவு.

ஆனால் அவர்கள் போட்ட முதலீடுகளில் சிறந்தது புதிய நாடகங்களைத் தேடிப் பிடித்ததுதான். அரு.ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’, கு.சா.கிருஷ்ணமூர்த்தியின் ‘அந்தமான் கைதி’ எல்லாம் இவர்கள் மேடையில் ஏறியவை. ‘ஔவையார்’ நாடகத்தில் கிழவியாக வந்த சண்முகத்துக்கு ‘ஔவை’ என்ற பட்டம் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. சென்னையில் லாயிட்ஸ் ரோட்டுக்கு இன்றைக்கு ஔவை சண்முகம் சாலை என்றுதான் பெயர். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியதிலும் இவர்களே முன்னின்றார்கள். பெண் வேஷத்தைப் பையன்களே கட்டிவந்த கம்பெனியில் பிறகு எம்.எஸ்.திரௌபதி போன்ற நடிகைகள் வந்தார்கள். பையன்கள் பெரியவர்களானதும் ‘பால’ என்ற சொல் பொருந்தாமல் போயிற்று, ‘மதுரை’யும் உதிர்ந்தது. டி.கே.எஸ். என்ற மூன்று எழுத்தே போதும் என்றாகிவிட்டது.

1950 வாக்கில் நிரந்தரக் கம்பெனியைக் கலைத்தார்கள். எழுபது எண்பது பேருக்குத் தினமும் அடுப்பெரிக்கும் காலம் போய்விட்டது. 1939 முதல் கேளிக்கை வரியும் டிக்கெட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன்பின் சென்னையில் இருந்துகொண்டு, சபாக்களும் ஊர்க்காரர்களும் அழைக்கும்போது போய் நடித்து வந்தார்கள். ‘களத்தூர் கண்ணம்மா’வில் நடித்துவிட்டு வந்த சிறுவன் கமல்ஹாசனும் இவர்களிடம் மேடைப் பாடம் படித்தார். கே.ஆர்.ராமசாமி, எஸ்.எஸ்.ராஜேந்திரன், ஏ.பி.நாகராஜன் முதலியோர் அதற்கு முன்பே அந்தக் கம்பெனி வீட்டுச் சோற்றைத் தின்றவர்கள்.

சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’யை எழுதி வைத்தார். கொட்டகைக் கணக்கும் கம்பெனி வீட்டுச் சண்டையும் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருப்பதால், பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. 1971இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1973 பிப்ரவரியில் காலமானார். அந்த ஆண்டே ஏ.பி.நாகராஜன் சிவாஜி கணேசனை வைத்து இயக்கிய ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வெளிவந்தது; மறு ஆண்டு ‘குமாஸ்தாவின் மக’ளையும் அவர் எடுத்தார். இரண்டும் டி.கே.எஸ். மேடையிலிருந்து போன கதைகள்.