ஈக்வலைசர்: டெலிபோன் கம்பியிலிருந்து தறிக்காரர் காது வரை

ஈக்வலைசர்னா பாஸ் ஏத்துற சமாச்சாரம்னுதான் பலருக்கும் நினைப்பு. 80-கள், 90-களில் கேசட் கடைகளும் தனியார் பஸ்களும் நமக்கு அதை அப்படித்தான் அறிமுகப்படுத்தின. ஆனா அது பிறந்தது பாட்டுக்காக இல்லை, டெலிபோனுக்காக. நீளமான கம்பியில் குரல் போகும்போது உயர் அதிர்வெண்கள் அதிகமாத் தேஞ்சு போகும். மறுமுனையில் கம்பளிக்குள்ளிருந்து பேசுற மாதிரி கேட்கும். தேய்ந்ததை மட்டும் தூக்கி, பழையபடி சமமாக்க ஒரு மின்சுற்றைச் சேர்த்தார்கள். சமமாக்குவதால் ஈக்வலைசர். பேசும் படம் வந்ததும் சினிமாக்காரங்க அதை எடுத்துக்கிட்டாங்க, அப்புறம்தான் அது ரசனை விஷயமாச்சு.

கம்ப்யூட்டரில் பெரும்பாலானோர் அதை முதலில் பார்த்தது 1997-ல் வந்த வின்ஆம்பில், 10 பட்டைகளோடு. அதில் ஒரு குறை. வின்ஆம்பில் ஓடும் பாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும்; பிரவுசர் வீடியோவுக்குக் கிடையாது. எல்லாச் சத்தத்துக்கும் வேணும்னா, எல்லா வாய்க்காலும் கலக்குற இடத்தில் மதகு வைக்கணும். 2007-ல் விஸ்டாவோடு மைக்ரோசாஃப்ட் ஆடியோ அடுக்கையே மாத்தி எழுதினப்போ, ஏபிஓ என்ற பெயரில் அங்கே ஒரு வாசல் வைத்தது. அந்த வாசல் வழியா நுழைஞ்சதுதான் யோனாஸ் தேடரிங் எழுதிய ஈக்வலைசர் ஏபிஓ. இலவசம், திறமூலம். லினக்ஸில் இப்போ பைப்வயர் மேல் ஈஸிஎஃபெக்ட்ஸ் இதையே செய்யுது.

இதெல்லாம் திருப்பூர்க்காரனுக்கு எதுக்கு? பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள்ள போய்ப் பாருங்க, பக்கத்து ஆள்கிட்டப் பேசவே கத்தணும். 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகளின் வரம்பு. வருஷக்கணக்கில் இரைச்சலில் நின்ற காது பெரும்பாலும் முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். சட்டை, தட்டை, பட்டை மூணையும் பிரிச்சுக் காட்டுற மெய்யொலிகளின் கூர்மை அந்த உயர் பகுதியில்தான் இருக்கு. பல வருஷம் தறி ஓட்டின என் மாமா சொல்றது: "சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது மாப்ள, பேசறதுதான் புரியறதில்ல." வால்யூம் கூட்டினா மேளச்சத்தம்தான் கூடும். அதே பழைய கம்பிப் பிரச்சினை, இந்தத் தடவை தேஞ்சது காது.

அவர் லேப்டாப்பில் ஈக்வலைசர் ஏபிஓ போட்டு, கான்ஃபிக் கோப்பில் ரெண்டே வரி எழுதினேன். முதல் வரி, ப்ரீஆம்ப் மைனஸ் 6 டெசிபல். ரெண்டாவது, 4000 ஹெர்ட்ஸில் பீக் ஃபில்டர், பிளஸ் 6. முதலில் மொத்தத்தையும் இறக்கலைன்னா, ஏத்தின இடத்தில் ஒலி உச்சத்தைத் தாண்டி உடைஞ்சு கரகரங்கும். நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கேதான்.

செய்தி வாசிப்பு இப்போ புரியுதுங்கிறார். பாட்டு மட்டும் கீச்சுன்னு இருக்காம், அதனால பாட்டு கேக்கறப்ப ரெண்டாவது வரியை அணைச்சு வைக்கிறோம். செத்துப்போன காது செல்லை எந்த ஃபில்டரும் எழுப்பாது, ஹியரிங் எய்டுக்கு இது மாற்றும் இல்லை. இந்த 4000-மும் 6-ம் மாமா காதுக்கானவை. உங்க வீட்டில் தறிக்காரர் இருந்தா, ஈஎன்டி டாக்டர்கிட்ட ஆடியோகிராம் எடுத்து, எந்த இடத்தில் பள்ளம் இருக்குன்னு பார்த்துட்டு எழுதுங்க.