வைக்கோற்போரின் அடியில் ஐந்து மாணவர்கள்



நம் சபையின் பிள்ளைகள் பலர் பெட்டி படுக்கையோடு கல்லூரி விடுதிகளுக்குப் புறப்படும் காலம் இது. அவர்களுக்காக ஜெபிக்கும்படி என்னிடம் வரும் பெற்றோரின் விண்ணப்பம் பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடக் கூடாது." இந்தப் பயம் நியாயமானதே. ஆயினும், இழக்காமல் இருப்பதை மட்டுமா நாம் ஆண்டவரிடம் கேட்க வேண்டும்? கல்லூரிக் காலம் விசுவாசம் வேர்விட்டு வளரும் காலமாகவும் இருக்கக்கூடும் என்பதற்குத் திருச்சபை வரலாற்றில் ஒரு சாட்சி உண்டு. அதன் கனியைத் தமிழராகிய நாமே புசித்திருக்கிறோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1793ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது வில்லியம்ஸ் கல்லூரி. 1806ஆம் ஆண்டில் அங்குப் பயின்ற சில மாணவர்கள் புதன், சனி ஆகிய நாட்களில் வகுப்பு முடிந்தபின் திறந்தவெளியில் கூடி ஜெபித்து வந்தனர். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் புழுக்கம் மிகுதியாக இருந்தபடியால் ஐந்து பேரே வந்தனர்: சாமுவேல் மில்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், பிரான்சிஸ் ராபின்ஸ், ஹார்வி லூமிஸ், பைரம் கிரீன். இடியும் மழையும் எழவே, அருகிலிருந்த வைக்கோற்போர் ஒன்றின் அடியில் ஒதுங்கினர். ஆசியாவைக் குறித்துப் பேச்சு எழுந்தது. அங்குச் சுவிசேஷத்தை அனுப்ப வேண்டும் என்றார் மில்ஸ். மனமிருந்தால் தங்களாலேயே அது கூடும் என்றும் சொன்னார். அதற்குக் காலம் இன்னும் வரவில்லை என்று லூமிஸ் மறுத்தார். அந்தக் கருத்து வேறுபாட்டோடே அவர்கள் ஒன்றாக ஜெபித்தார்கள்.

அந்த ஐவரில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்பவரைச் சற்று நின்று கவனியுங்கள். 1808இல் மில்ஸும் அவரும் வேறு சில மாணவரும் சேர்ந்து, தங்களையே அருட்பணிக்கு ஒப்புக்கொடுக்கும் சிறு சங்கம் ஒன்றை அமைத்தனர். பிறர் நகைப்பார்களோ என்று எண்ணத்தக்க முயற்சி அது. அதன் விதிகளை மறைகுறி எழுத்தில் எழுதி வைத்தனர். பின்பு ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் பயிலுகையில், தங்களை வெளிநாட்டிற்கு அனுப்பும்படி 1810இல் சபைத் தலைவர்களிடம் மனு கொடுத்தனர். பெயர்கள் அதிகமானால் பெரியோர் தயங்குவார்கள் என்று கருதி, இரண்டு பெயர்கள் அந்த மனுவிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ரிச்சர்ட்ஸின் பெயர்!

அம்மனுவின் பயனாக அமெரிக்க மிஷன் சங்கம் உருவாயிற்று. 1812இல் முதல் அருட்பணியாளர்கள் கப்பலேறினர். ரிச்சர்ட்ஸ் அவர்களோடு இல்லை. அவர் காத்திருந்தார், மருத்துவமும் கற்றார். 1816இல், வைக்கோற்போர் ஜெபத்திற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, இலங்கையை அடைந்து யாழ்ப்பாணத்துத் தமிழர் நடுவே ஊழியத்தைத் தொடங்கினார். நோய் அவரை விடாமல் வாட்டியது. 1822இல் அந்த மண்ணிலேயே ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் காணாததை நாம் காண்கிறோம். அவர் மறைந்த மறு ஆண்டு, 1823இல், வட்டுக்கோட்டை செமினரி தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கு உருவானவர்களே. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த மிஷன் மதுரைக்கு வந்தது. 1881இல் அமெரிக்கன் கல்லூரி எழுந்தது. ஒரு கல்லூரியின் புல்வெளியில் ஏறெடுக்கப்பட்ட ஜெபம், மற்றொரு தேசத்தில் கல்லூரிகளாய் விளைந்தது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? முதலாவது, அவர்கள் ஜெபத்திற்கு நாள் குறித்திருந்தார்கள். வந்தவர் ஐவரே என்று கலைந்துபோகவில்லை. இரண்டாவது, மறுத்துப் பேசிய லூமிஸை அவர்கள் தள்ளிவிடவில்லை. அவர் பிற்காலத்தில் தம் நாட்டிலேயே ஒரு சபையின் போதகராய் உண்மையோடு ஊழியம் செய்தார். கேள்வி கேட்கும் மாணவன் விசுவாசத்தை இழந்தவன் அல்லன். மூன்றாவது, ஐவருக்கும் ஒரே அழைப்பு கிடைக்கவில்லை. வழிகாட்டிய மில்ஸ் ஆசியாவுக்கு வந்ததேயில்லை. 1818இல் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கடலிலேயே மரித்தார். கிரீன் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அந்நிய தேசத்துக் கல்விச்சாலையில் தானியேல் தன் இருதயத்தில் தீர்மானம் செய்தபோது (தானியேல் 1:8), அவனோடு மூன்று நண்பர்கள் இருந்தார்கள் என்பதையும் நினைவிற்கொள்வோம்.

என் குறையையும் அறிக்கையிடுகிறேன். விடுமுறையில் ஆலயத்திற்கு வரும் மாணவரிடம் "மதிப்பெண் எவ்வளவு?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "உன்னோடு ஜெபிக்க அங்கு யார் இருக்கிறார்கள்?" என்று அரிதாகவே கேட்டிருக்கிறேன். பிரியமான பெற்றோரே, இவ்வாரம் பிள்ளையோடு தொலைபேசியில் பேசும்போது, சாப்பாட்டையும் தேர்வையும் விசாரித்தபின், அந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள். "ஒருவரும் இல்லை" என்று பதில் வந்தால் கடிந்துகொள்ளாமல், அப்படி ஒரு நண்பரைத் தரும்படி அப்பொழுதே சேர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தர் நம் பிள்ளைகளைக் காப்பாராக. காப்பதோடு நில்லாமல், வளரவும் செய்வாராக. ஆமென்.