மலாக்கா வீடுகளும் நிழற்செடிகளும்

வீட்டினுள்ளே செடி வளர்ப்பது மேலைநாட்டார் கற்றுத்தந்த நாகரிகம் என்று கருதுவோர் உளர். அது பாதி உண்மையே. தமிழர் வீட்டில் செடிக்கென்று இடம் என்றும் இருந்தது. ஆனால் அவ்விடம் கூரைக்கு வெளியே இருந்தது. துளசிக்கு முற்றம், முருங்கைக்குக் கொல்லை, மல்லிகைக்கு வாசற்பந்தல், கறிவேப்பிலைக்குக் கிணற்றடி என்று முன்னோர் இடம் வகுத்தனர். வெயிலும் நிழலும் விழும் வகையை அறிந்தே அவ்வாறு வகுத்தனர் எனலாம். வெற்றிலைக் கொடிக்கு வெயில் ஆகாது என்பதறிந்து, கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் கொடியைப் படரவிட்ட உழவர்க்கு நிழலின் அளவைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. கூரைக்கடியில் செடியைக் கொணர வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை, அவ்வளவுதான். அத்தேவை மலாக்கா மாநிலத் தமிழர்க்கு எழுந்த வரலாறு ரப்பரின் வரலாற்றோடும் லயத்து வீட்டின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது.

ரப்பர் வருவதற்கு முன் மலாக்காவின் உட்பகுதி பெரும்பாலும் காடாக இருந்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்து, பின் மலாக்காவில் பணியாற்றிய தாவரவியலார் வில்லியம் கிரிஃபித் இம்மண்ணின் செடிகளை ஆராய்ந்து, 1845ஆம் ஆண்டு மலாக்காவிலேயே மறைந்தார். 1854ஆம் ஆண்டு வந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் ஆயர் பானாஸ் பகுதியில் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தபின், அன்று ஓபிர் மலை என வழங்கிய குனோங் லேடாங்கின்மீது ஏறினார். அங்குக் கண்ட அரிய பெரணிகளைப் பற்றியும், தாகம் மிகுந்தபோது குடுவைச் செடியில் தேங்கியிருந்த நீரைத் தாமும் உடன்வந்தோரும் பருகியதைப் பற்றியும் 1869இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியுள்ளார்.

இத்தகைய மழைக்காட்டின் தரைக்கு வந்துசேரும் ஒளி, உச்சிக்கு மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அவ்வளவு குறைந்த ஒளியிலும் உயிர்வாழப் பழகிய செடிகளே இன்று உலகெங்கும் வீட்டுச் செடிகளாக விற்கப்படுகின்றன. மலாயாக் காடுகளிலும் காணப்படும் அக்லோனிமா, மரக்கிளையில் கூடுகட்டினாற்போல் அமர்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணி ஆகியவை அவ்வினத்தன. அந்தப் பெரணியை மலாய்க்காரர் பேயின் பெயரால் ‘பாக்கு லங்சுயார்’ என்பர். பேயின் செடி இன்று வரவேற்பறையில் அமர்ந்திருப்பது காலத்தின் விளையாட்டுத்தான்.

இச்செடிகள் மேலைநாட்டு அறைகளுக்குள் புகக் காரணமாயிருந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, 1829ஆம் ஆண்டளவில், மூடிய குப்பிக்குள் பெரணி தானே முளைத்து வாழ்வதைக் கண்டார். நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்நகரில் திறந்தவெளியில் பிழைக்காத செடி, குப்பிக்குள் பிழைத்தது. அதிலிருந்து பிறந்த வார்டுப் பெட்டி, செடிகளைக் கடல் கடந்து உயிரோடு கொண்டுசெல்லும் வழியைத் திறந்துவிட்டது. கிழக்காசியக் காடுகளின் நிழற்செடிகள் மேற்கே சென்றன. அதே வகைப் பெட்டிகளில் ரப்பர்க் கன்றுகள் கிழக்கே வந்தன. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளில் கியூ தோட்டத்தில் முளைத்தவை 1876இல் 38 பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி ரப்பரின் பெருமையைப் பல்லாண்டுகள் பேசிவந்தும் செவிசாய்த்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் மலாக்காவின் டான் சாய் யான். அவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டார். பின்னர் லேடாங் மலையடியிலுள்ள புக்கிட் அசகானில் பேரளவில் நட்டார். மலாயாவில் வாணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் மலாக்கா மண்ணில்தான் எழுந்தது.

ரப்பர் வெயிலை விரும்பும் மரம். அதற்காகக் காடு அழிந்தது. காட்டை அழித்து, நிரை பிடித்து, கன்று நட்டு, பின் பால்வெட்டிய கைகளில் மிகப் பல தமிழர் கைகள். இளங்கன்றுகளுக்கிடையே மண்ணைக் காக்கப் பயற்றினக் கொடிகளை விதைப்பர். ஐந்தாறு ஆண்டுகளில் ரப்பரின் கிளைகள் ஒன்றோடொன்று கூடியதும் அக்கொடிகள் வெயிலின்றி மாளும், பெரணிகள் தலைகாட்டும். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலையுதிர்ந்ததும் தரையெங்கும் வெயில் விழும், பாலும் குறையும். எந்த நிரையில் எவ்வளவு நிழல், அந்நிழலில் எது வாழும், எது மாளும் என்பதைத் தோட்டத் தொழிலாளி நாள்தோறும் கண்டறிந்தார். ஆயினும் அவர் திரும்பிச் சென்ற வீட்டில் வெளிச்சம் இல்லை.

பழைய லயத்து வீடுகளை நேரில் கண்டோர்க்கு இது விளங்கும். நீண்ட கூரையின்கீழ் வரிசையாக அறைகள். ஒரு கதவு, சிறிய ஒரு சன்னல், பின்னே விறகுப்புகை படிந்து கறுத்த அடுப்படி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய லயங்களில் பின்சுவரும் அடுத்த வீட்டின் சுவரேயாம். மனிதர்க்கே போதிய காற்றும் ஒளியும் இல்லாத அறையில் செடி எங்ஙனம் வாழும்? ஆகவே வாசலும் லயத்தின் பின்புறமுமே தோட்டமாயின. பால் டின்னிலும் பிஸ்கட் தகரத்திலும் விளிம்புடைந்த மங்கிலும் மண் நிரப்பித் துளசியும் கற்பூரவல்லியும் கற்றாழையும் வளர்த்தனர். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்த அளவுத் தரம் விதித்த சட்டம் 1966இல்தான் நாட்டில் இயற்றப்பட்டது.

துரை பங்களாவிலோ நிலைமை வேறு. அகன்ற தாழ்வாரத்தில் பனையினச் செடிகளும் பெரணிகளும் தொட்டி தொட்டியாக அணிவகுத்தன. அத்தோட்டங்களைப் பேணியவருள் தமிழரும் இருந்தனர். விருந்துக்காக உள்ளே வைத்த தொட்டியைச் சில நாளில் வெளிநிழலுக்குத் திருப்பி, மற்றொன்றை உள்ளே வைக்கும் நுட்பம் அவர்கள் கைவந்த கலை. அதனை எந்த ஏடும் அவர்கள் பெயரால் பதியவில்லை.

மலாக்கா நகரில் ஒளியை வீட்டுக்குள் வரவழைக்க வேறொரு வழி கண்டனர். முன்பு ஹீரன் தெரு என வழங்கிய துன் டான் செங் லோக் சாலையின் வீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே மிக நீண்டு செல்வன. அவற்றின் நடுவே கூரையைத் திறந்து முற்றம் அமைத்தனர். நகரத்தார் தம் செட்டிநாட்டு வீடுகளில் கண்ட வளவையும் இதனையும் ஒப்பிட்டு நோக்கினால், வெப்ப நாட்டார் இருவேறு இடங்களில் ஒரே விடையைக் கண்டது புலனாகும். பக்கச் சன்னலின் ஒளி அறைக்குள் செல்லச் செல்ல விரைந்து தேயும். மேலிருந்து முற்றத்தில் விழும் ஒளியோ நிழற்செடிக்கு அளவாக, நாள் முழுதும் பரவி நிற்கும். கடைவரிசையின் அஞ்சடியும் அத்தகையதே. வெயில் நேரே படாமல் வெளிச்சம் மட்டும் நிறைந்த அவ்விடத்தில் பெரணியும் சிறுபனையும் செழிக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கும் நோக்கோடு 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது வரலாறு. எனினும் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. தொழிற்சாலைகள் இளைஞரை அழைத்தன. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் தாமான்களின் வரிசை வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. சட்டிபானைகளோடு துளசித் தொட்டியும் லாரியில் ஏறியது.

துயரம் அங்கேதான் தொடங்கியது. லயத்து வாசலில் தழைத்த துளசி, மாடிவீட்டில் சில வாரங்களில் நெட்டையாகி, வெளுத்து, இலையுதிர்ந்து பட்டது. துளசி பட்டால் வீட்டுக்கு ஆகாது என்னும் நம்பிக்கை ஆழமானது. தீட்டுப் பட்டுவிட்டது என்றும், மருமகள் வந்த நேரம் சரியில்லை என்றும் பழி சுமத்தும் வழக்கமும் அந்நம்பிக்கையை ஒட்டியே வந்தது. பழிக்கு ஆளானோர் பெரும்பாலும் பெண்கள். உண்மைக் காரணம் வெளிச்சம் ஒன்றே. துளசிக்கு நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். உச்சிவெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் என்றால், சன்னலிலிருந்து சில அடி தள்ளிய நடுக்கூடத்தில் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். மனிதக் கண் எவ்வொளிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை.

அதனால் செடியைத் தேர்வதற்கு முன் அறையைப் படிக்க வேண்டும். பகற்பொழுதில் செடி வைக்கக் கருதும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு முழ உயரத்தில் கையை நீட்டினால் போதும். நிழல் விளிம்பு தெளிய விழுந்தால் அது நல்ல வெளிச்சம். மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தோன்றாவிடில் அங்கு எச்செடியும் நெடுநாள் வாழாது.

திசையைப் பற்றி ஆங்கில நூல்கள் கூறுவதை அப்படியே கைக்கொள்வது தவறு. லண்டனில் கதிரவன் என்றும் தென்வானிலேயே செல்வதால், அந்நூல்கள் தெற்குச் சன்னலைப் போற்றுகின்றன. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைக்குச் சற்று மேல் உள்ளது. மார்ச்சு இறுதி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகற் கதிரவன் இங்கு வடபுறம் சாய்ந்தும், எஞ்சிய மாதங்களில் தென்புறம் சாய்ந்தும் செல்கிறது. அச்சாய்வும் சிறிதே. ஆகவே வடக்கு, தெற்குச் சன்னல்களில் வெயில் விளிம்பை மட்டும் தொட்டுச் செல்லும். கிழக்கும் மேற்குமே வெயில் உள்ளே புகும் திசைகள். கிழக்கு வெயில் மென்மையானது. மேற்கு வெயில், சுவரும் தரையும் சூடேறிய பின் வருவதால், மெல்லிய இலைகளைக் கருக்கும். 1982ஆம் ஆண்டு தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்தள்ளப்பட்ட பின், மலாக்காவில் கதிரவன் உச்சிக்கு வருவது ஆண்டின் பெரும்பகுதியில் பிற்பகல் ஒரு மணிக்கும் பிறகே என்பதனையும் கருத வேண்டும்.

வரிசை வீட்டின் முன் தாழ்வாரம் செம்பருத்திக்கும் குரோட்டனுக்கும் ஏற்றது. குரோட்டனை உள்ளே வைத்தால் சிவப்பும் மஞ்சளும் மறைந்து வெறும் பச்சையாகும். பின் இலை கொட்டும். கூடத்தில் சன்னலை ஒட்டி மணி பிளாண்ட், பறவைக்கூட்டுப் பெரணி, கலத்தியா ஆகியவை வாழும். பசிபிக் தீவொன்றிலிருந்து வந்த மணி பிளாண்ட் வெற்றிலையைப் போலவே நிழலில் தொற்றி ஏறுவது. வெற்றிலையையே வளர்க்க விரும்புவோர், சமையலறையின் வெளிச்சமான சன்னலருகே அதனைப் படரவிடலாம். மலாக்காச் செட்டிகளும் மலாய்க்காரரும் சமையலில் சேர்க்கும் பாண்டானும் அதனருகில் பொருந்தும். நடு அறையே சோதனை. அங்கு அக்லோனிமாவும் மருளினமும் மட்டுமே ஓரளவு தாங்கும். தமிழ்நாட்டில் நார்க்காகப் பயன்பட்ட மருளுக்கு, இன்று வீடுகளில் நிற்கும் மேற்காப்பிரிக்க மருள் உறவினம். மலாயில் அதற்கு ‘லிடா மெர்துவா’, அதாவது மாமியார் நாக்கு, என்று பெயர். எந்த இருளிலும் வாடாது என்பதாலோ என்னவோ! ஆயினும் அதற்கும் தண்ணீரை மிகுதியாக ஊற்றினால் வேர் அழுகும். வெளிச்சம் குறைந்த அறையில் செடி நீரையும் குறைவாகவே உண்ணும் என்பதை மறந்து, அன்பால் கொன்ற செடிகளே மிகுதி.

பூசை அறை பெரும்பாலும் சன்னலற்றது. அங்குக் கொய்த மலரே தக்கது.

செடிக்கடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கவிடுதல் பெருங்கேடு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெறுவதால், தட்டு நீரையும் மணி பிளாண்ட் குப்பி நீரையும் வாரத்துக்கு இருமுறையேனும் மாற்றுவது கடமை. கொசுப்புழு வளர இடங்கொடுப்பதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. கெலாடி, அக்லோனிமா போன்ற சேம்பினச் செடிகளின் சாறு வாயில் பட்டால் எரிந்து வீங்குமாதலால் தவழும் குழந்தைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். 2020 மார்ச்சு 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மக்களை வீட்டுக்குள் அடைத்தபோது, அந்தக் கெலாடியின் விலை நாடெங்கும் விண்ணைத் தொட்டது. மலாய்க் கம்பங்களில் வேலியோரம் வளர்ந்த செடியைப் பெரும்பணம் கொடுத்து வாங்கி, இருண்ட அறையில் வைத்து நிறமிழக்கச் செய்தோரும் உண்டு.

துளசியை விட்டுவிட மனமில்லாத அடுக்குமாடிக் குடும்பத்தார்க்கும் வழி உண்டு. கிழக்கு நோக்கிய மாடமிருந்தால் அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டியே தொட்டியை வைத்துவிடலாம். வீடு வடக்குத் தெற்காக அமைந்திருந்தால், ஏப்ரல் தொடங்கி வடபுற நடைவழியின் விளிம்பிலும், செப்டம்பர் நடுவில் தொட்டியைத் தூக்கி, பின்புறம் துணி உலர்த்தும் இடத்தின் தென்விளிம்பிலும் வைக்க வேண்டும். இரண்டிடத்திலும் வெயில் போதாவிடில், கீழ்த்தளத்துப் புல்வெளியோரத்தில் அண்டை வீட்டார் ஒப்புதலோடு ஒரு மாடம் கட்டி, காலையில் அங்கு இறங்கிச் சென்று நீர் வார்க்கலாம்.