விடுதிப் பிள்ளையின் பெயர்

நெமிலி வட்டாரத்துச் சபைகளில் முதியோருடன் உரையாடுங்கால், "அவர் போர்டிங்கில் படித்தவர்" என்னும் சொல்லை நாம் கேட்கிறோம். படிப்பு, ஆசிரியப்பணி, சேரியினின்று வெளியேறக் கிடைத்த வழி ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கும்.

விடுதி ஏன் தேவைப்பட்டது? நிலமற்ற கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பகலில் மாடு மேய்க்கும் வேலை இருந்தது. ஊர்த்தெருப் பள்ளியில் இடமில்லை. இரவில் படிக்க விளக்கில்லை. மழை நாளில் ஒழுகும் குடிசையில் உறக்கமுமில்லை. பாயும், சோறும், விளக்கும், மேலே ஒரு நல்ல கூரையும் தந்து இக்குறைகளை ஒருங்கே நீக்கியது விடுதி. அதன் செலவைக் கடல் கடந்த அன்பர்கள் ஏற்றனர்.

இம்முறைக்கு முன்மாதிரியை யாழ்ப்பாணத்தில் காண்கிறோம். 1816-இல் அங்குப் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824-இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியையும் நிறுவிற்று. அமெரிக்கச் சபையாரும் தனியாட்களும் பிள்ளைகளின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பினர். கொடையாளர் விரும்பிய பெயரே பிள்ளைக்கு இடப்படுவதும் உண்டு. பிள்ளைக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க அது உதவும் என அவர்கள் கருதியிருக்கலாம். அந்த நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. எனினும், உணவு தந்த கை பெயரையும் மாற்றியது என்பதை மறைப்பதற்கில்லை.

வட்டுக்கோட்டையில் பயின்ற தாமோதரம்பிள்ளை (1832–1901) சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர்; தொல்காப்பிய உரைகளைப் பதிப்பித்தவர். மிஷன் வட்டாரத்தில் அவருக்கு வேறொரு பெயரும் வழங்கிற்று. தமிழுலகமோ அவரைச் சி. வை. தாமோதரம்பிள்ளை என்றே அறியும். இதில் 'சி' என்பது அவர் பிறந்த சிறுப்பிட்டி. 'வை' என்பது அவர் தந்தை வைரவநாதர். பின்னாளில் சைவராகவே வாழ்ந்த அவர், மிஷன் தந்த கல்வியைக் கைவிடவில்லை. தம் ஊரையும் தந்தையையும் பெயரில் தாங்கி நின்றார்.

யாழ்ப்பாணத்திற்கும் நம் பகுதிக்கும் ஒரு குடும்பத் தொடர்பு உண்டு. பண்டத்தரிப்பில் ஊழியம் செய்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் மைந்தர்களான ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகியோர் இலங்கையில் பிறந்தவர்கள். 1853-இல் ஆர்க்காடு மிஷனை அமைத்தவர்கள் இவர்களே. தமிழில் நற்செய்தி அறிவிப்பதையே முதற்பணியாகக் கொண்ட அவர்கள், விசுவாசிகளின் பிள்ளைகளை உபதேசியாராகவும் ஆசிரியராகவும் உருவாக்க விடுதிப் பள்ளிகளை நடத்தினர். ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர் ஊராகச் சபையிற் சேர்ந்தபோது, விடுதியின் தேவையும் பெருகிற்று. 1898-இல் வேலூரில் தோன்றிய கல்லூரிக்கு எலிசபெத் வூர்ஹீஸ் அம்மையாரின் பெயர் இடப்பட்டது. கட்டடத்தின்மேல் கொடையாளர் பெயர் இருப்பதால் எந்தப் பிள்ளைக்கும் இழப்பில்லை.

1959-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் தொடங்கிய கிண்டர்நோட்ஹில்ஃபே, ஒரு கொடையாளருக்கு ஓர் இந்தியப் பிள்ளை என்னும் முறையில் நம் திருச்சபை விடுதிகளுக்கு உதவிற்று. இப்போது பெயர் மாற்றப்படவில்லை. ஆயினும், முன்பின் அறியாதவருக்கு நன்றிக்கடிதம் எழுதும் கடமை பிள்ளையின்மேல் விழும்போது, பழைய கேள்வி மீண்டும் எழுகிறது: விடுதி யாருக்காக?

தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரம் நமக்குத் தெரிந்ததே. அரண்மனையில் இளைஞர் நால்வருக்கு உணவும் கல்வியும் தந்தவர்கள் புதுப் பெயர்களையும் இட்டனர். மிஷனெரிகளை நேபுகாத்நேச்சாருக்கு ஒப்பிடுவது தகாது. அவர்கள் சிறைபிடித்தவர்கள் அல்லர். ஆனால் அந்நூல் இன்றும் தானியேல் என்னும் பெயராலேயே வழங்குகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. இதனைத் திருச்சபையின் உரிமையில் தலையீடு என முணுமுணுப்போர் நம்மிடையே உண்டு. பிள்ளை அச்சமின்றி உறங்குவதே விடுதியின் முதல் நோக்கமாயின், அதைச் சோதிக்க வருபவர் நமக்குப் பகைவர் அல்லர்.

ஆகவே, விடுதியைப் பார்க்கச் செல்லும் ஆயர் கணக்கேட்டைத் திறக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்பது நலம். பிள்ளையிடம், "உன் பெயர் என்ன?" காப்பாளரிடம், "இரவில் விழித்திருப்பவர் யார்?"